மஹாலாவின் மூன்றாம் சரணம்

லாரல் ஃபோர்க், கென்டக்கி
1937 ஏப்ரல் 12

அன்புள்ள ஆர்லினா அக்காவுக்கு டெல்ஃபியா எழுதுவது. ஆன்செல், குழந்தை ஐவி, நான் மூவரும் ஆண்டவர் கிருபையில் சுகமாக இருக்கிறோம். ஓஹையோவில் குளிர் விட்டதா, உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

நீங்கள் என்னைப் பார்த்ததில்லை. நான் மலைக்கு அந்தப் பக்கத்துக்காரி. போன மாதம் ஆன்செல் என்னைக் கட்டிக்கொண்டார். உங்கள் தங்கை மஹாலா இறந்து நாலே மாதம், இது ரொம்ப சீக்கிரம் என்று நீங்கள் நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுக் குழந்தையை யாரிடம் விடுவது என்று தெரியாமல் சுரங்க வேலைக்குப் போன மனுஷனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்.

விஷயத்துக்கு வருகிறேன். ஐவி மத்தியானம் தூங்க மாட்டேன் என்கிறாள். அவள் அம்மா பாடிய பாட்டு வேண்டுமாம். எனக்குத் தெரிந்த தாலாட்டை எல்லாம் பாடிவிட்டேன். “அது இல்ல, அது இல்ல” என்று தலையணையில் முட்டிக்கொள்கிறாள். ஆன்செலுக்கு வார்த்தை தெரியாது. மெட்டை மட்டும் முனகுகிறார். அந்த மெட்டு எனக்குத் தெரியும், சபையில் அடக்கத்துக்குப் பாடுகிற மெட்டுதான். அதில் ஒன்றும் ஆச்சரியமில்லை. நம் மலையில் எந்தத் தாலாட்டில்தான் சாவு இல்லை? என் அம்மா ஏழு பெற்று மூன்றைப் புதைத்தவள். அடக்கப் பாட்டைப் பாடித்தான் எங்கள் தொட்டிலை ஆட்டுவாள். “இப்பவே பழகிக்கட்டும்” என்பாள்.

இன்னொன்று. குழந்தை என்னை அம்மா என்று கூப்பிடுவதில்லை. “லீனா, தண்ணி” என்கிறாள். “லீனா, தூக்கு” என்கிறாள். நான் வாசலில் வந்து நின்ற முதல் நாளே அப்படித்தான் கூப்பிட்டாள். வீட்டில் உங்களைக் கூப்பிடுகிற பேர் அது என்று ஆன்செல் சொல்கிறார். உங்கள் பேரால் என்னை எதற்குக் கூப்பிட வேண்டும்? நீங்கள் அடிக்கடி வந்து போவீர்களா?

பாட்டின் வார்த்தைகளை எழுதி அனுப்புங்கள். இந்தக் குழந்தை வாயால் ஒரு தடவை அம்மா என்று கேட்க வேண்டும். வேறு எந்த ஆசையோடும் இந்த வீட்டுக்குள் நான் வரவில்லை.

உங்கள் தங்கையாக நினைத்துக்கொள்ளுங்கள்,
டெல்ஃபியா


ஹாமில்டன், ஓஹையோ
1937 மே 6

டெல்ஃபியா அவர்களுக்கு,

சுகம். அங்கும் அப்படியே இருக்கட்டும்.

கவரின்மேல் ‘திருமதி ஸ்டர்ஜில்’ என்று எழுத வேண்டியிருந்தது. இத்தனை வருஷம் அந்தப் பேரை என் தங்கைக்கு எழுதிய கை இது. பதில் தாமதமானதற்குக் காரணம் அதுதான்.

நான் வந்து போகிறவள் இல்லை. அவர்கள் கல்யாணம் முடிந்த மறுவாரம் பஸ் ஏறினேன், அப்புறம் அந்த மலைப்பக்கம் வரவே இல்லை. குழந்தையை நான் கண்ணால் பார்த்ததில்லை. மஹாலாவை மண்ணுக்குள் வைத்த செய்திகூட எனக்கு எட்டு நாள் கழித்துத்தான் வந்தது. குழந்தை என் பேரைச் சொல்கிறதென்றால் மஹாலா என்னைப் பற்றிப் பேசியிருப்பாள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நீங்களும் வருத்தப்பட வேண்டியதில்லை.

பாட்டு மஹாலா தானே கட்டியது. எனக்கு உடனே நினைவுக்கு வரவில்லை. பார்க்கிறேன்.

பெரிய கட்டிலில் நீல நட்சத்திரம் வைத்துத் தைத்த போர்வை ஒன்று இருக்கும். நானும் அவளும் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து தைத்தது. அதை இப்போது யார் போர்த்திக்கொள்கிறார்கள்?

ஆர்லினா


லாரல் ஃபோர்க்
1937 மே 15

அன்புள்ள அக்காவுக்கு, மூவரும் சுகம். ஐவிக்கு இருந்த சளி போய்விட்டது. நீங்கள் வேலை பார்க்கிற காகித ஆலைத் தூசியில் உங்கள் நெஞ்சைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

போர்வையை நான்தான் போர்த்திக்கொள்கிறேன். கட்டில் ஒன்றுதானே இருக்கிறது, வேறு யார் போர்த்துவார்கள்? கேட்டீர்கள், சொல்லிவிட்டேன்.

நீங்கள் அங்கே வயிறு எரிகிறீர்கள் என்றால் இங்கே என் கதையைக் கேளுங்கள். சமையலறைக் கூரை ஒழுகுகிறது. அடுப்புக்கும் மேஜைக்கும் நடுவில் மூன்று பாத்திரம் வைத்திருக்கிறேன். ஆன்செல் ஞாயிற்றுக்கிழமை வெள்ளை ஓக் மரம் வெட்டிக்கொண்டு வந்தார். நாள் முழுக்க அழகழகாகப் பலகை பிளந்தார். ஐயோ, நம் மேல் அக்கறை வந்துவிட்டதே என்று அவருக்கு இரண்டு முட்டை கூடுதலாகப் பொரித்துப் போட்டேன். சாப்பிட்டு முடித்ததும் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு மேட்டுக் கல்லறைக்கு ஏறிவிட்டார். மஹாலாவின் குழிமேல் கூரை போடுகிறாராம்.

“வீடு ஒழுகுதே, ஆன்செல்.”

“நீ நகர்ந்து உக்காந்துக்கலாம், டெல்ஃபி. அவளால முடியுமா?”

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? உயிரோடிருப்பவளோடு என்றால் சண்டை போட்டு ஜெயிக்கலாம். இவளோடு எப்படிப் போடுவது? கூரைச் சத்தம் கேட்டு ஐவி வேறு, “லீனா, அம்மாக்கு வீடு கட்றாங்க” என்று கைதட்டினாள். மத்தியானம் சோளரொட்டி தீய்ந்துபோனது. நான் கவனிக்கவே இல்லை.

பாட்டை மறந்துவிட்டேன் என்று எழுதாதீர்கள். நம் பெண்கள் எதை மறந்தாலும் பாட்டை மறக்க மாட்டார்கள்.

டெல்ஃபியா


ஹாமில்டன்
1937 ஜூன் 20

டெல்ஃபியாவுக்கு,

நலம். நெஞ்சும் நன்றாகத்தான் இருக்கிறது. கூரை விஷயத்தைப் படித்து அன்று வேலையில் இரண்டு முறை சிரித்துவிட்டேன். உங்களைப் பார்த்துச் சிரித்தேன் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பாட்டு இதுதான்:

கண்மணி உறங்கு, காற்றே நீயும் உறங்கு,
மேட்டு மண்ணுக்குள்ளே மெத்தை போட்டாச்சு.

ஆற்றுக்கு அக்கரையில் அம்மா நடந்து போவேன்,
இக்கரையில் நீ அழுதால் என் பாதம் நனையுமே.

இதை எழுதி வைத்துக்கொண்டு வாய்விட்டுப் பாடிப் பார்த்தேன். நான் தங்கியிருக்கும் வீட்டுக்காரி ஓடி வந்தாள். “பச்சப்புள்ளைங்க இருக்கற வீட்டுல என்ன சாவுப் பாட்டு இது?” என்றாள். இங்கே நிலா, ஆட்டுக்குட்டி என்றுதான் பாடுகிறார்கள். இவர்களுக்குச் சாவு என்பது ஆஸ்பத்திரியில் கதவைச் சாத்திக்கொண்டு நடக்கிற காரியம். நமக்கு அடுப்பங்கரைக்குப் பக்கத்து அறையில். இது தாலாட்டுதான் என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை.

ஆர்லினா


லாரல் ஃபோர்க்
1937 ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு, எல்லோரும் சுகம். பீன்ஸ் நன்றாகக் காய்த்திருக்கிறது.

உங்களுக்குப் புண்ணியமாகப் போகட்டும். கடிதம் வந்த மத்தியானமே பாடினேன். முதல் சரணத்துக்குக் கட்டைவிரல் வாய்க்குள் போனது. இரண்டாவதில் கண் செருகியது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஜெயித்தாயிற்று என்று நினைத்தேன். பாட்டு முடிந்ததும் பளிச்சென்று கண்ணைத் திறந்தாள்.

“மிச்சம்?”

“அவ்வளவுதான்டி தங்கம்.”

“இல்ல. மிச்சம் பாடு, லீனா.”

“எனக்குத் தெரியலையே. நீ பாடு, நான் கேக்கறேன்.”

“நான் பாடக் கூடாது. நீதான் பாடணும்.”

நானே ஒரு சரணம் கட்டிப் பார்த்தேன். கன்றுக்குட்டி பால் குடிப்பது போல. கேட்டுவிட்டு, “அது மாட்டுப் பாட்டு” என்று சொல்லிப் புரண்டு படுத்துவிட்டாள். நாலு நாளாக இதே கூத்து. பாட்டு முடிகிற இடத்தில் எழுந்து உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறாள். 

நீங்கள் ஒரு சரணத்தை ஒளித்து வைத்திருக்கிறீர்கள். அதை ஏன் எனக்குத் தர மாட்டேன் என்கிறீர்கள்? புருஷனையும் வீட்டையும் எடுத்துக்கொண்டாள், பாட்டாவது நம்மிடம் இருக்கட்டும் என்றா? அப்படித்தான் என்றால் நேராக எழுதிவிடுங்கள். நானும் அதையேதான் செய்திருப்பேன்.

டெல்ஃபியா


ஹாமில்டன்
1937 ஆகஸ்ட் 2

டெல்ஃபியாவுக்கு,

போன மாதம் முழுக்க உடம்பு சரியில்லை. இப்போது பரவாயில்லை.

மூன்றாவது சரணம் எதுவும் கிடையாது. குழந்தைகள் எல்லாவற்றிலும் மிச்சம் கேட்பார்கள்.

மஹாலாவின் அடக்கப் பிரசங்கம் செப்டம்பர் முதல் ஞாயிறு என்று ஆன்செல் எனக்கு ஒரு வரி எழுதியிருந்தார். நவம்பர் சேற்றில் பிரசங்கியார் யாரும் மலையேற முடியாமல் வெறுமனே புதைத்தவளுக்கு இப்போதாவது முறைப்படி நடப்பது நல்லது. ஆலையில் லீவு கேட்டிருக்கிறேன். வருவேன். மேட்டில் உட்கார்ந்துவிட்டு அன்றைக்கே கிளம்பிவிடுவேன். வீட்டுக்குள் வர மாட்டேன்.

ஆர்லினா


லாரல் ஃபோர்க்
1937 ஆகஸ்ட் 11

அன்புள்ள அக்காவுக்கு, உங்களுக்கு உடம்பு சரியாகட்டும். அதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஆனாலும் மனசாரத்தான்.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். என் புருஷனின் முதல் பெண்டாட்டி சாவுக்கு, கூடி வருகிற எண்பது பேருக்கு, நான் சமைக்க வேண்டும். காய்ந்த ஆப்பிள் வைத்து ஆறு அடுக்குக் கேக் சுட வேண்டும். அப்புறம் முகம் கழுவிக்கொண்டு முன் பெஞ்சில் அவர் பக்கத்தில் உட்கார வேண்டும். அவர் அவளுக்காக அழுவார், நான் கைக்குட்டை நீட்ட வேண்டும். அதுதானே வழக்கம். எங்கள் சித்தப்பாவின் இரண்டாம் சம்சாரம் இப்படி உட்கார்ந்ததைப் பார்த்துச் சின்ன வயதில் சிரித்தவள் நான். நன்றாக வேண்டும் எனக்கு.

ஆன்செல் ஒன்று கேட்கச் சொன்னார். அவள் கட்டிய பாட்டை நீங்கள் வரி சொல்லித் தர வேண்டுமாம், சபை வாங்கிப் பாடுமாம். பெண் எழுந்து வரி சொல்வது நமக்கு வழக்கமில்லை என்று பிரசங்கியார் முதலில் யோசித்தாராம். மஹாலாவே கட்டியது, அக்கா வாயால் வரட்டும் என்று ஒத்துக்கொண்டார்.

என்னிடம் இல்லாத பாட்டை ஊருக்கே பாடப் போகிறீர்கள். வாருங்கள்.

டெல்ஃபியா


லாரல் ஃபோர்க்
1937 செப்டம்பர் 9

ஆர்லினா அக்காவுக்கு,

சுகம் விசாரிக்க மனசில்லை. சாப்பிடாமல்கூடப் போய்விட்டீர்கள். உங்கள் தட்டை நான் மூடி வைத்திருந்தேன்.

மூன்றாவது சரணம் கிடையாது என்று எழுதினீர்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் புதுக்கூரைக்குப் பக்கத்தில் நின்று இரண்டைச் சொல்லி முடித்தீர்கள். எல்லோரும் இழுத்து இழுத்துப் பாடினோம். என் மடியில் இருந்த ஐவி வழக்கம்போல நிமிர்ந்து உட்கார்ந்தாள். நீங்கள் அவளைப் பார்த்தீர்கள். நான் உங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போது வாயைத் திறந்தீர்கள்:

டெல்ஃபி வருவாள், வாசலில் நிற்பாள்.

எண்பது பேரும் அதை வாங்கிப் பாடினார்கள். அக்கா, அந்த ஒரு வரி முடிகிற வரைக்கும் நான் எப்படி இருந்தேன் தெரியுமா? செத்தவளே என்னைக் கூப்பிட்டு, பேர் சொல்லி, வா என்றது போல இருந்தது. பின்னாலிருந்து ஒருத்தி என் தோளைத் தட்டினாள். ஐந்து மாத எரிச்சலும் அந்த நிமிஷம் அடங்கிவிட்டது.

பிள்ளை கத்தினாளே அப்போது.

“தப்பு! லீனா வருவா!”

அப்புறம் யாரையும் பார்க்காமல், அந்தச் சின்னக் குரலில், தானே முடித்தாள்:

லீனா வருவாள், வாசலில் நிற்பாள்,
அவள் கழுத்தைக் கட்டிக்கொள், என் இருமல் அடங்கும்.

பாடிவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பெண்கள் குனிந்துகொண்டார்கள். ஆன்செல் தொப்பியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நீங்கள் மேட்டிலிருந்து இறங்கி நடந்துவிட்டீர்கள்.

வார்த்தை தெரியாது என்றவரை வீட்டுக்கு வந்து கேட்டேன். “நான் சுரங்கத்துல இருக்கறப்ப பாடியிருக்கா, டெல்ஃபி. சத்தியமா இப்பத்தான் கேக்கறேன்” என்றார். நம்புகிறேன். நம்பாமல் எங்கே போவது?

ஆக, அவள் வரச் சொன்னது உங்களை. இந்த வீடு, இந்தக் குழந்தை, அந்தப் போர்வை எல்லாம் உங்களுக்கென்று வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் குறுக்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன். நீங்கள் ஏன் வரவில்லை? இப்போது குழந்தையைக் கேட்டு வரப்போகிறீர்களா? எனக்கு அது ஒன்று மட்டும் தெரிய வேண்டும். கேட்டு வந்தால் கதவைத் திறக்க மாட்டேன். இதை ஆன்செலுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

டெல்ஃபியா


ஹாமில்டன்
1937 அக்டோபர் 24

அன்புள்ள தங்கச்சி டெல்ஃபிக்கு,

உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. நாலு தடவை எழுதிக் கிழித்தேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? குழந்தைக்கு இருமல் எதுவும் இல்லையே? முதலில் அதைச் சொல்.

சபை முடிந்து ஆன்செல் முதலில் வீடு வரைக்கும் துணைக்கு நடந்தது என்னோடுதான். ஒரு வருஷம் நடந்தார். அப்புறம் மஹாலாவோடு நடந்தார். யார் மேலும் குற்றமில்லை, அவள் என்னைவிட நன்றாகச் சிரிப்பாள். நான் ஓஹையோவுக்கு வந்தது வேலைக்காக என்று ஊரெல்லாம் சொன்னேன். மஹாலா மட்டும் நம்பவில்லை.

போன வருஷம் செப்டம்பரில் அவள் எழுதினாள்: ‘இந்த இருமலோடு வசந்தத்தை நான் பார்க்க மாட்டேன், லீனா. நீ வந்துவிடு. குழந்தை உன்னைப் பார்த்து மிரளக் கூடாதென்று அவள் பாட்டுக்குள் உன்னை வைத்திருக்கிறேன். வாசலில் வந்து நிற்கிற பெண் நீதான் என்று அவளுக்குத் தெரியும்.’ கீழே மூன்று சரணமும் எழுதியிருந்தாள்.

படித்ததும் எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். இவள் தின்று மிச்சம் வைத்த தட்டை நான் எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று நினைத்தேன். கிறிஸ்துமஸுக்கு அப்புறம் பார்க்கலாம் என்று பதில் போட்டேன். அவள் நவம்பரில் போய்விட்டாள். 

மேட்டில் உன் பேரைப் போட்டுப் பாடியது பெரிய மனசால் என்று நினைத்துவிடாதே. குழந்தை மிச்சத்துக்காகக் காத்திருந்தது, அதன் முகத்தைப் பார்த்த பிறகு நிறுத்த முடியவில்லை. ஆனால் வராதவள், ‘லீனா வருவாள்’ என்று எண்பது பேர் நடுவில் எந்த வாயால் பாடுவது? வெட்கத்தில் உன் பேரைப் போட்டேன்.

குழந்தையைக் கேட்டு வர மாட்டேன். பயப்படாதே. உன்னிடமிருந்து ஐந்தடி தூரத்தில்தான் நின்றேன், டெல்ஃபி. அவள் என்னை யாரோ ஊர்க்காரியைப் பார்ப்பது போலப் பார்த்தாள். என் பேரைச் சொல்லிக்கொண்டே உன் கழுத்தைக் கட்டினாள். மஹாலாவைப் பார்த்து இத்தனை வருஷம் எரிந்தேன். அன்றைக்கு உன்னைப் பார்த்து எரிந்ததுபோல் ஒருநாளும் இல்லை.

மஹாலாவின் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அது அந்த வீட்டில் இருக்கட்டும். 

ஆர்லினா


லாரல் ஃபோர்க்
1937 நவம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

குழந்தைக்கு இருமல் இல்லை. எனக்கும் ஒன்றுமில்லை, காலையில் மட்டும் வாந்தி. ஏன் என்று உங்களுக்கே புரியும். ஆன்செல் சமையலறைக் கூரையைப் போட்டுவிட்டார். மீந்த பலகையில்தான், ஆனாலும் ஒழுகவில்லை.

மஹாலாவின் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு வெளியே போய் வெகுநேரம் விறகு வெட்டினார். கடிதம் இப்போது பைபிளுக்குள் இருக்கிறது.

உங்கள் கடிதம் வருகிற வரைக்கும் பாட்டை என் பேரைப் போட்டுத்தான் பாடினேன். ‘டெல்ஃபி வருவாள்.’ பிடிவாதமாகத் தினமும் பாடினேன். அவளும் பிடிவாதமாகத் தினமும் எழுந்து உட்கார்ந்தாள். கடிதம் வந்த மறுநாள் மத்தியானம், பல்லைக் கடித்துக்கொண்டு, ‘லீனா வருவாள்’ என்று பாடினேன். அந்த வரி முடிவதற்குள் தூங்கிவிட்டாள். நான்தான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். எவளோ ஒருத்தி பேரைச் சொல்லி என் பிள்ளையை நான் தூங்க வைக்க வேண்டியிருக்கிறதே என்று.

நேற்று ஒன்று நடந்தது. மாவு பிசைந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி தன் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். அது வீலென்று அழுதது. ஐவி அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, ரொம்பப் பெரிய மனுஷி மாதிரி, “அழாத பாப்பா. உன் லீனா இங்கதான் இருக்கா” என்று அதன் அம்மாவைக் காட்டினாள்.

பக்கத்து வீட்டுக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. நான் மாவுக் கையோடு அப்படியே நின்றேன்.

அக்கா, அம்மா என்பது மேட்டில் இருக்கிற ஒருத்தியின் பேர் இவளுக்கு. இங்கே தூக்கி வைத்துக்கொள்கிறவள், சோறு போடுகிறவள், தூங்க வைக்கிறவள் லீனா. வாசலில் நின்ற அன்றைக்கே என்னை அவள் கூப்பிட்டுவிட்டாள். எனக்குத்தான் காது கேட்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு வாருங்கள். போன வருஷம் தள்ளிப்போட்ட வரவை இந்தக் கிறிஸ்துமஸில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் வர வேண்டும், நட்சத்திரப் போர்வையை உங்களுக்குத்தான் எடுத்து வைத்திருக்கிறேன். ஐவியை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அவள் உங்களிடம் ஒட்டிக்கொண்டால் எனக்கு எரியும். எரிந்துவிட்டுப் போகட்டும், வாருங்கள்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அந்தப் பேரை நான் திருப்பித் தருவதாக இல்லை. அவள் உங்களைக் கூப்பிட வேறு ஏதாவது பேர் யோசித்துக்கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
இந்த வீட்டு லீனா